சூழல் சுற்றுலா காட்டுக்கு நல்லதா? முதலில் செக்போஸ்ட் கேட் யார் கையில் என்று பாருங்கள்

ஒரு கல்லூரி மாணவர் கேட்ட கேள்வி இது. "சூழல் சுற்றுலாவால் இயற்கைப் பாதுகாப்புக்கு நன்மை அதிகமா, தீமை அதிகமா? படிக்கிற கட்டுரையெல்லாம் நன்மை ஐந்து, தீமை ஐந்து என்று எழுதிவிட்டு, பொறுப்போடு பயணிப்போம் என்று முடிந்துவிடுகிறது. உண்மையில் எது? அப்புறம், நான் காட்டுக்குப் போகலாமா கூடாதா?"

பதில் சொல்கிறவன் எங்கே நின்று பேசுகிறான் என்று தெரிந்துகொள்வது நல்லது. நான் இருபது வருடமாக மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அலைகிறவன். அதில் ஏழெட்டு வருடம், பறவை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போய் அந்தக் காசில் சாப்பிட்டவன். நீங்கள் கேட்கும் நன்மையிலும் தீமையிலும் எனக்கும் பங்கு உண்டு.

சூழல் சுற்றுலா என்ற பேர் 1980களில் புழக்கத்துக்கு வந்தது. இயற்கையான இடத்துக்குப் போவது, போன இடத்தைக் கெடுக்காமல் திரும்புவது, அங்கே குடியிருப்பவர்களுக்கு அதனால் நாலு காசு கிடைப்பது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பேர். நடைமுறையில் முதலாவது மட்டும் இருந்தாலே போர்டு மாட்டிவிடுகிறார்கள். கான்கிரீட் அறையின் சுவரில் மூங்கில் தட்டி அடித்து வாசலில் ஒரு மண்பானை வைத்தால் அது ஈகோ ரிசார்ட். மலையடிவாரத்தில் இப்போது ஈகோ இல்லாத விடுதியைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

அதனால் பேரை வைத்துக்கொண்டு நல்லதா கெட்டதா என்று கேட்டால் விடை கிடைக்காது. நான் எந்த இடத்துக்குப் போனாலும் இரண்டு விஷயம் பார்ப்பேன். "இன்றைக்கு இவ்வளவுதான், போதும்" என்று கேட்டைச் சாத்தும் அதிகாரம் அங்கே யாருக்காவது இருக்கிறதா? டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் யார் பைக்குப் போகிறது? இவை சரியாக இருக்கிற இடத்தில் மற்ற குறைகளைப் போகப்போகச் சரிசெய்துகொள்ளலாம். இரண்டும் கோணலாக இருக்கிற இடத்தில், வருகிறவர்கள் எல்லோருமே இயற்கை ஆர்வலர்களாக இருந்தாலும் பிரயோஜனமில்லை.

சரி, தேக்கடியிலிருந்து தொடங்குகிறேன். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறினால் குமுளி, எல்லையைத் தாண்டினால் பெரியாறு புலிகள் காப்பகம். 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டியபோது தேங்கிய ஏரியைச் சுற்றி இருக்கும் காடு. 1978இல் புலிகள் காப்பகம் ஆனது, பரப்பு 925 சதுர கிலோமீட்டர். 1990கள் வரை அங்கே திருட்டு சர்வசாதாரணம். சந்தனம், தந்தம், காட்டுமாட்டுக் கறி, அப்புறம் வயணாப் பட்டை. வயணா என்பது இலவங்க வகையைச் சேர்ந்த காட்டு மரம். பட்டைக்கு நல்ல விலை. சுற்றி உரித்துவிட்டால் மரம் பட்டுப்போகும்.

1996இல் உலக வங்கி உதவியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் ஒன்று இந்தியாவில் ஏழு இடங்களில் வந்தது. அதில் பெரியாறும் ஒன்று. அப்போது இருந்த அதிகாரிகள் செய்த காரியம்தான் இன்றைக்கும் பேசப்படுகிறது. பட்டை உரித்துப் பல வழக்குகளில் மாட்டியிருந்த 23 பேரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். திருட்டை விட்டுவிடுங்கள், உங்களுக்குத் தெரிந்த காட்டை எங்களுக்குக் காட்டுங்கள், சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போய் அதில் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு உடன்பாடு. 1998 வாக்கில் அவர்களுக்கென்றே ஒரு குழு உருவானது. எந்த ஓடையோரம் கடத்தல்காரன் தங்குவான், எந்த மேட்டிலிருந்து பார்த்தால் புகை தெரியும் என்பதெல்லாம் அவர்களைவிட யாருக்குத் தெரியும்? பழைய கூட்டாளிகள் பலர் அவர்கள் மூலமாகவே பிடிபட்டார்கள்.

அவர்கள் கூட்டிப்போகும் இரவு தங்கல் நடைக்கு நானும் ஒருமுறை போயிருக்கிறேன். சின்னக் குழு, முன்னும் பின்னும் வழிகாட்டிகள், துப்பாக்கியோடு ஒரு வனக்காப்பாளர். அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரை துணிக் காலுறை மாட்டிவிட்டு, அதன்மேல் மூக்குப்பொடி தூவினார்கள். இரண்டாம் நாள் காலை ஒரு மரத்தடியில் வழிகாட்டி நின்றார். அடிமரத்தில் ஒரு பக்கம் மட்டும் பழைய தழும்பு, கையகலத்துக்கு, ஓரம் உப்பி மூடிக்கொண்டு வந்திருந்தது. "இது நான் உரிச்சதுதான் சார். ஆள் சத்தம் கேட்டுது, பாதியில விட்டுட்டு ஓடிட்டோம். அதான் மரம் பொழச்சுக்கிச்சு." சொல்லிவிட்டு அந்தத் தழும்பை ஒருதரம் தடவினார். பிறகு கீழே கிடந்த யானை லத்தியைக் குச்சியால் கிளறி, ராத்திரி இரண்டு மணிக்கு மேல் போயிருக்கிறது என்றார். பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை, வேலை பேசும் குரல்.

கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக நான் தேக்கடியைச் சொல்லவில்லை. பணம் போகும் வழியைக் கவனியுங்கள். பொதுவாகக் காட்டுக்குள் நுழைய நாம் வாங்கும் டிக்கெட் காசு மாநிலக் கருவூலத்துக்குப் போய்விடும். அது திரும்பி வரும்போது பட்ஜெட் ஒதுக்கீடாக, கால தாமதமாக, வேறு தலைப்பில் வரும். பெரியாற்றில் 2004இல் ஒரு தனி அறக்கட்டளை அமைத்து, பயணிகளிடம் வாங்கும் கூடுதல் கட்டணம் அங்கேயே தங்கும்படி செய்தார்கள். உலக வங்கித் திட்டம் முடிந்த பிறகும் வழிகாட்டிகளுக்குச் சம்பளம் நிற்காமல் போனதற்கு அதுதான் காரணம். 2006இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது எல்லாப் புலிகள் காப்பகத்துக்கும் இப்படி ஒரு அறக்கட்டளை வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். முதுமலைக்கும் ஆனைமலைக்கும் இருப்பது அந்த வகைதான்.

குமுளிப் பெண்கள் வசந்தசேனை என்று ஒரு குழு வைத்திருக்கிறார்கள். 2002இலிருந்து, சம்பளம் வாங்காமல், முறைவைத்துக் காட்டுக்குள் ரோந்து போகிறார்கள். சுற்றுலா இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா? ஒருவேளை நடந்திருக்காது. காடு என்றால் கேஸ் போடுகிற இடம் என்று இருந்த ஊரில், காடு நம் வீட்டு அடுப்பெரிக்கிற இடம் என்று மாறிய பிறகுதான் அவர்களுக்கு அந்த நினைப்பே வந்தது. சூழல் சுற்றுலாவின் பெரிய நன்மை எது என்று என்னைக் கேட்டால் அந்நியச் செலாவணியையோ விழிப்புணர்வையோ சொல்ல மாட்டேன். காட்டின் ஓரத்தில் இருப்பவர்கள் காட்டின் கட்சிக்கு மாறுவதைத்தான் சொல்வேன்.

தேக்கடியையும் கோயிலாக்கி வைக்க வேண்டாம். அதே ஏரியில்தான் 2009 செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அளவுக்கு மேல் ஆட்கள் ஏறியிருந்தார்கள். கரையில் நின்ற விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். நடைக்கு ஆள் கணக்குப் பார்த்த அதே ஊரில் படகுக்குப் பார்க்கவில்லை.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன், எல்லோரும் காட்டுவது அதைத்தான் என்பதால். ருவாண்டாவில் மலைக் கொரில்லாவைப் பார்க்க ஒரு ஆளுக்கு 1,500 டாலர், 2017இலிருந்து. ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளைக்கு எட்டுப் பேர் மட்டும், ஒரு மணி நேரம் மட்டும் பார்க்கலாம். பூங்கா வருமானத்தில் 10 சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்கு. கேட்டும் பணமும் இரண்டும் கறாராக இருக்கும் இடம். 2018 கணக்கெடுப்பில் மலைக் கொரில்லாக்கள் மொத்தம் ஆயிரத்தைத் தாண்டின. அழிவின் விளிம்பில் என்ற பட்டியலிலிருந்து, ஆபத்து ஒரு படி குறைந்த பட்டியலுக்கு அவற்றை மாற்றினார்கள். காட்டுக்குள்ளேயே போய் வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. சுற்றுலா மட்டும் செய்த வேலை என்று சொல்வது சரியாகாது.

ஆனால் 2020இல் கோவிட் வந்தபோது கொரில்லாச் சுற்றுலா நின்றுபோனது. பக்கத்து நாடான உகாண்டாவின் பிவிண்டி காட்டில், அந்த ஜூன் மாதம், பயணிகளுக்கு நன்கு பழகியிருந்த ரஃபிக்கி என்ற முதுகு வெளுத்த ஆண் கொரில்லா ஈட்டிக் குத்தில் இறந்தது. குத்தியவர் சின்ன விலங்குகளைப் பிடிக்க உள்ளே போனவர். பயணி வந்தால்தான் காவல் என்று ஒரு காட்டைக் கட்டிவைத்தால், பயணி வராத வருடம் என்ன ஆகும் என்று யோசித்துவைக்க வேண்டும். நம் ஊர் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்குச் சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி மசினகுடி. தேக்கடியைச் சொன்ன வாயால் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நீலகிரி மலைக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கும் நடுவே சீகூர் பீடபூமி, மசினகுடி இருப்பது அதில்தான். முட்புதரும் வெப்பக் காடுமாக, பார்வைக்கு வறண்ட இடம். ஊட்டியின் பச்சையைப் பார்த்த கண்ணுக்கு இது ஒன்றுமில்லாத நிலம் போலத் தெரியும். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலை யானைகள் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போய்வர இருக்கும் இணைப்பு இதுதான். ஒரு பக்கம் செங்குத்தான மலைச்சரிவு, மறுபக்கம் ஆற்றுப் பள்ளம். யானைக்குச் சுற்றிப் போக வேறு வழி இல்லை. அந்த இடுக்கில்தான் ஈகோ ரிசார்ட்டுகள் முளைத்தன.

ஒரு விடுதி எடுத்துக்கொள்ளும் இடம் ரெண்டு ஏக்கர்தானே என்று கேட்பார்கள். விருந்தாளி வராந்தாவில் உட்கார்ந்து மான் பார்க்க வேண்டும் என்று முன்னால் உள்ள புதரை வெட்டுவார்கள். மான் வர உப்புக்கட்டி வைப்பார்கள். யானை வராமல் இருக்க மின்வேலி போடுவார்கள். மானும் வேண்டும், யானை வேண்டாம், ஆனால் யானை தூரத்தில் தெரிய வேண்டும். ராத்திரி கேம்ப் ஃபயர், பாட்டு. பத்து மணிக்கு மேல் அனுமதியில்லாத ஜீப் சவாரி, கையில் டார்ச். வரிசையாக முப்பது நாற்பது விடுதியும் இதைச் செய்தால், வரைபடத்தில் ரெண்டு ஏக்கராக இருப்பது யானைக்கு ஒரு நீளச் சுவர்.

2010இல் தமிழக அரசு அதை யானை வழித்தடம் என்று அறிவித்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் முப்பதுக்கு மேற்பட்ட விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பும் வழித்தடத்தின் பக்கமே வந்தது. மூன்றே மாதத்தில், 2021 ஜனவரியில், மசினகுடி அருகே ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானையை விரட்ட நெருப்புப் பற்றவைத்து வீசினார்கள். அது காதில் சிக்கிக்கொண்டு எரிய, யானை பிளிறியபடி இருட்டுக்குள் ஓடிய வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதுகில் ஏற்கெனவே காயத்தோடு, வனத்துறை பழத்தில் மருந்து வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த யானை அது. தெப்பக்காடு யானை முகாமுக்கு லாரியில் கொண்டுபோகும் வழியில் இறந்தது. தும்பிக்கையைத் தடவித் தடவி அழுத வனப் பணியாளரின் வீடியோவும் அன்று பரவியது.

இங்கே இன்னொரு பக்கமும் இருக்கிறது. சீல் வைத்ததில் வேலை போனது விடுதி முதலாளிக்கு அல்ல. அவருக்கு ஊரில் வேறு தொழில் இருக்கும். அறை பெருக்கிய இருளர் பெண்ணுக்கும், கடன் வாங்கி ஜீப் எடுத்த மசினகுடிப் பையனுக்கும்தான் அடுப்பு அணைந்தது. கேட் இல்லாமல் பத்து வருடம் விட்டுவிட்டு ஒரு நாளில் பூட்டினால் இப்படித்தான் ஆகும். முதலிலேயே "இத்தனை அறைதான், இத்தனை ஜீப்தான், அது உள்ளூர்க்காரர்கள் பேரில்தான்" என்று வைத்திருந்தால் அந்தப் பையன் இன்று தேக்கடி வழிகாட்டி மாதிரி மரத்தைத் தடவிக் கதை சொல்லிக்கொண்டிருப்பான். பணத்தின் பெரும் பங்கு கோவைக்கும் பெங்களூருக்கும் கொச்சிக்கும் போய்விட, காவல் காக்கிற பொறுப்பு மட்டும் ஊருக்கு வந்தால் யார்தான் காப்பார்கள்?

கேட் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு நீலகிரியிலேயே கணக்கு இருக்கிறது. சீசனில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 வண்டிகள் மலையேறுகின்றன என்று உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது, அதில் கார் மட்டும் 11,500. அதன்பிறகுதான் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. முதல் வருடம் கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ் கிடைத்தது. அது கேட் இல்லை, வாசலில் உட்கார்ந்து எண்ணுகிற வேலை. 2025 ஏப்ரலில்தான் உச்சவரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நீலகிரி வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஏப்ரல் மே சம்பாத்தியத்தில்தான் மற்ற மாதங்கள் ஓடும். ஆனாலும் கல்லட்டி வளைவில் பம்பர் டு பம்பர் நிற்கும் வண்டிகளுக்கு நடுவே குட்டியோடு ரோட்டைக் கடக்கத் தெரியாமல் நிற்கும் காட்டுமாட்டை ஒருமுறை பார்த்தவர்கள், 6,000 என்பதையும் கூடுதல் என்றுதான் சொல்வார்கள். எத்தனை வண்டி தாங்கும் என்று ஐஐடியும் ஐஐஎம்மும் ஆய்வு செய்யலாம், அது வேண்டியதுதான். கடைசியில் எந்த எண்ணை எழுதுவது என்பதை முடிவுசெய்வது பாதி அறிவியல், பாதி அரசியல்.

கேட் இல்லாததற்கு விலை விலங்கு மட்டும் கொடுப்பதில்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றம் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கோடையில், காய்ந்த புல்மேட்டில், எத்தனை பேர் எந்த வழியில் போகிறார்கள் என்ற கண்காணிப்பே சரியாக இல்லை. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசே 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர் மலைவாழ் இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து, இணையத்தில் முன்பதிவு செய்யும்படி வைத்திருக்கிறது. நல்ல தொடக்கம். வழிகாட்டிக்குக் கட்டணத்தில் எவ்வளவு போகிறது என்று போகும்போது நீங்களே அவரிடம் கேளுங்கள்.

அடுத்தது என் சொந்தப் பாவக்கணக்கு.

ஆறுமணிக்குருவி தெரியும்தானே? குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும். ஒன்பது நிறம் காட்டும், தரையில் சருகைக் கிளறும், விடியும்போதும் பொழுது சாயும்போதும் இரண்டு ஸ்வரத்தில் விசிலடிக்கும். புதருக்குள்ளேயே இருப்பதால் படம் எடுப்பது கஷ்டம். அதற்கு எங்களிடம் ஒரு குறுக்குவழி இருந்தது. அதன் குரலை போனில் வைத்து, ஸ்பீக்கரைப் புதருக்கு அடியில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் வந்து நிற்கும். கழுத்தை நீட்டி, அங்குமிங்கும் பார்த்து, திரும்பக் கூவும். வருகிறவர்கள் படமாக எடுத்துத் தள்ளுவார்கள். எனக்கும் டிப்ஸ் கூடும். அது நம்மைப் பார்க்க வரவில்லை. தன் இடத்துக்குள் இன்னொருவன் நுழைந்துவிட்டான் என்று சண்டைக்கு வந்திருக்கிறது. இரை தேட வேண்டிய நேரத்தில், இல்லாத எதிரியைத் தேடி ஓடுகிறது. ஒரு சீசனில் ஒரே பறவையை நானே முப்பது நாற்பது தடவை இப்படி இழுத்திருப்பேன், என்னைப்போல் இன்னும் ஐந்து பேர். மூன்றாவது குளிர்காலத்தில் அந்தப் புதரில் அது இல்லை. செத்துவிட்டதா, வேறு இடம் பார்த்துப் போனதா, எனக்குத் தெரியாது. அன்றோடு அந்த ஸ்பீக்கரைத் தூக்கிப் போட்டேன்.

இதைச் சொல்வது ஏனென்றால், கெடுதல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கண்ணுக்கு ரத்தம் தெரியாது. ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய ஆராய்ச்சியாளர்கள் கான்ஹா, பாந்தவ்கர் காடுகளில் புலியின் எச்சத்தை எடுத்து அதில் இருக்கும் மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். 2019இல் வெளிவந்த அந்த ஆய்வில், சுற்றுலா நடக்கும் மாதங்களில் அளவு கூடுதலாக இருந்தது. பார்க்கிறவர் கண்ணுக்குப் புலி ஜீப்பைப் பொருட்படுத்தாமல் ராஜநடை போடும். அதே சமயம் அந்தக் காடுகளில் புலி குட்டி போட்டுப் பெருகவும் செய்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திருட்டு வேட்டையையும் ஜீப்பையும் தராசில் வைத்தால் ஜீப் தேவலை. அதற்காக எத்தனை ஜீப் வேண்டுமானாலும் விடலாம் என்று ஆகிவிடாது. புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்குக் கூடாது என்று 2012இல் விதி வந்ததே, உச்ச நீதிமன்றம் அந்த வருடம் மூன்று மாதம் மொத்தமாகத் தடைபோட்ட பிறகுதான். இலங்கையின் யால பூங்காவுக்குப் போனவர்களைக் கேளுங்கள், ஒரு சிறுத்தை மரத்தில் தெரிந்தால் ஓட்டுநர்கள் போனில் சொல்லிச் சொல்லி எத்தனை ஜீப் கூடும் என்று கதை கதையாகச் சொல்வார்கள்.

வால்பாறைப் புதுத்தோட்டம் சோலைமந்திகளும் இப்படி ஒரு கதைதான். சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கு மர உச்சியை விட்டு இறங்காத பிராணி என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இங்கே ரோட்டில் உட்கார்ந்து சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு, காரில் அடிபட்டுச் சாகிறது. மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியும், வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்ல ரோட்டில் ஆள் நிறுத்தியும் பார்க்கிறார்கள். ஒரு வாழைப்பழம் கொடுத்தவருக்கு அன்று மனசு நிறைந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் பெரிய பெரிய தீர்வுதான் வேண்டும் என்றும் இல்லை. 2022 மே மாதத்திலிருந்து நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். உடைந்த பாட்டில் யானைக் காலைக் கிழிக்கிறது என்பதால் உயர் நீதிமன்றம் செய்ய வைத்த ஏற்பாடு. "காட்டைக் காப்போம்" என்று இருபது வருடம் எழுதிவைத்த போர்டுகள் செய்யாததை அந்தப் பத்து ரூபாய் செய்தது.

கட்டுரைகளில் பொதுவாக வராத ஒரு குறையும் உண்டு. சுற்றுலா, பார்க்க அழகாக இருப்பதைத்தான் காப்பாற்றும். புலிக்கும் யானைக்கும் டிக்கெட் விற்கலாம். சோலைக்காட்டுத் தவளைக்கும், சீகூர் முட்புதருக்கும், கரிசல் காட்டு வெளிமானின் புல்வெளிக்கும் யார் டிக்கெட் வாங்குவார்கள்? வேடந்தாங்கலில் ஊர்க்காரர்கள் பறவைகளைக் காப்பாற்றியது டிக்கெட்டுக்காக இல்லை. எச்சம் கரைந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கலெக்டரிடம் போய்த் தங்கள் உரிமையை எழுதி வாங்கியவர்கள் அவர்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, கண்மாயில் பறவை இருக்கிறது என்று. சுற்றுலா வந்துதான் இயற்கை பிழைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் இந்த ஊர்களைக் காட்டுங்கள்.

சென்னையில் 1988இலிருந்து மாணவர்கள் நடத்தும் ஆமை நடை இருக்கிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை, ராத்திரி, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர். டார்ச் கூடாது. மணலில் டிராக்டர் டயர் ஓடியது போலத் தடம் இருந்தால் ஆமை ஏறியிருக்கிறது. குச்சியால் மெல்லக் குத்திக் குழியைக் கண்டுபிடித்து, பிங்பாங் பந்து மாதிரி நூற்றுச் சொச்சம் முட்டைகளைப் பையில் எடுத்துப்போய் பொரிப்பகத்தில் புதைப்பார்கள். நான் பார்த்ததிலேயே சுத்தமான சூழல் சுற்றுலா அதுதான், அதற்கு அந்தப் பேரே இல்லை. ஆனால் 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. கரையில் எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும், ஐந்து கடல் மைலுக்குள் வரக்கூடாத விசைப்படகின் இழுவலை வந்தால் ஆமை மூச்சுமுட்டிச் சாகத்தான் செய்யும். அங்கே நடந்து பழகியவர்கள்தான் அந்த மாதம் சத்தம் போட்டார்கள் என்பதும் உண்மை. நடைக்குப் போன அனுபவம் அந்த அளவுக்கு உதவியது. அதற்கு மேல் வேலை மீன்வளத் துறையுடையது.

இனி, நீங்கள் போகலாமா? போங்கள். அறை போடும் முன் அந்த விடுதி வனக் கிராமத்துக்குள் இருக்கிறதா, யானை வழியில் இருக்கிறதா என்று மேப்பில் பாருங்கள். "நைட் சஃபாரி உண்டு சார்" என்று சொன்னால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், பெரும்பாலும் அது அனுமதி இல்லாததுதான். வனத்துறை வண்டியிலும் உள்ளூர்க் குழுவின் நடையிலும் போனால் காசு ஓரளவு அங்கேயே நிற்கும். பார்த்த இடத்தை லொக்கேஷனோடு போடாதீர்கள், குறிப்பாகக் கூடு, குட்டி என்றால். விலங்கு ஒன்றும் தெரியாமல் திரும்பி வந்தால் வழிகாட்டியிடம் முகம் சுளிக்காதீர்கள். அந்த முகச்சுளிப்புக்குப் பயந்துதான் நான் ஸ்பீக்கர் வாங்கினேன்.

முதல் பயணம் என்றால் இரவிகுளத்துக்குப் போகச் சொல்வேன். மூணாறிலிருந்து பக்கம். சொந்த வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு, அவர்கள் பஸ்ஸில் ஏறி, ராஜமலையில் இறங்கி நடக்க வேண்டும். வரையாடு பத்தடியில் நின்று உங்களைக் கண்டுகொள்ளாமல் புல் மேயும். பிப்ரவரி, மார்ச்சில் மட்டும் திட்டம் போடாதீர்கள். குட்டி போடுகிற காலம், பூங்காவை மூடிவிடுவார்கள், யார் சிபாரிசு கொண்டுபோனாலும் திறக்க மாட்டார்கள்.